கைக்கு ஈடு

நீதியைப் பற்றிய நம் பழைய கற்பனைகளுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. அவை இழந்தவனைப் பார்ப்பதில்லை. இழக்கச் செய்தவனையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. பசு மணியை அடித்தது, சோழன் தன் மகன்மேல் தேரை ஓட்டினான். கன்றைப் பறிகொடுத்த பசுவுக்கு இதனால் ஆனதென்ன என்று கேட்டால் கதையில் பதில் இல்லை. (பெரியபுராணத்தில் சிவபெருமானே வந்து கன்றை எழுப்பித்தர வேண்டியிருக்கிறது.) கண்ணகி சாட்சியத்தைக் கையிலெடுத்துக்கொண்டு, தனக்காகத் தானே பேசி, சபையில் வழக்கை வெல்கிறாள். பாண்டியன் உயிரை விடுகிறான். கோவலன் திரும்பவில்லை. அதே காப்பியத்தில் மதுராபதித் தெய்வம் அவளுக்கு இன்னொரு பாண்டியனின் கதையைச் சொல்கிறது: இரவில் அடுத்தவன் வீட்டுக் கதவைத் தட்டிவிட்ட குற்றத்துக்காகத் தன் கையையே வெட்டிக்கொண்டவன், அதற்குப் பதிலாகப் பொற்கை பெற்றவன் என்று பிற்காலம் நினைவு வைத்திருப்பவன். நம் மரபில் கைக்கு ஈடாகப் பொன் கிடைத்தது ஒரே ஒருவனுக்குத்தான். அவன் அரசன். அதுவும் தன் அறத்துக்காக.

இந்தக் கதைகளையெல்லாம் கேட்டு வளர்ந்த மனம் 1923-ஆம் வருடத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தைப் படித்தால் ஏமாந்து போகும். அந்தச் சட்டத்தில் அறம் இல்லை, கண்ணீர் இல்லை, குற்றவாளியே இல்லை. ஜெர்மனியில் 1884-இலும் பிரிட்டனில் 1897-இலும் வந்துவிட்ட ஒரு யோசனையை இந்தியாவுக்குக் கொண்டுவந்த சட்டம் அது. 1924 ஜூலை முதல் தேதி அமலாயிற்று. அதற்கு முன்பு முதலாளியின் அஜாக்கிரதையைத் தொழிலாளி நிரூபித்தாக வேண்டும். இந்தச் சட்டம் அந்தக் கேள்வியையே தூக்கி எறிந்துவிட்டது. வேலையின் காரணமாக, வேலையின் போக்கில் காயம் பட்டதா? ஆமென்றால் கொடு. யார் தப்பு என்பது வேண்டாத பேச்சு. குற்றத்தைத் தள்ளிவிட்டதால்தான் இழந்தவனைத் திரும்பிப் பார்க்க முடிந்தது. இது ஒரு தார்மீக முன்னேற்றம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் பார்த்த விதம் வேறு. அட்டவணை போட்டுப் பார்த்தது. பெருவிரல் போனால் முப்பது சதவீதம், சுட்டுவிரல் முழுதும் போனால் பதினான்கு, நடுவிரல் பன்னிரண்டு, மோதிரவிரலோ சுண்டுவிரலோ ஏழு. ஒரு கண் போய் மற்றது நன்றாயிருந்தால் நாற்பது. வலக்கை, இடக்கை என்ற பேதம் அட்டவணையில் கிடையாது.

இந்த அட்டவணைக்கும் அதில் இடம்பெறும் கைக்கும் நடுவில் ஒரு மனிதன் நிற்கிறான். தொழிற்சங்கப் பிரதிநிதி. அவனைப் பற்றித்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. இடத்தைச் சொல்லாமல் இதை யோசித்தால் வெறும் தத்துவமாகிவிடும். எனவே சேர்வராயன் மலையை எடுத்துக்கொள்வோம்.

1820-களில் காக்பர்ன் என்ற சேலம் கலெக்டர் காலத்தில் இங்கே காப்பி வந்தது. இன்று காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. அந்தக் கொடியோடு சேர்ந்து ஏறுகிறவர்கள் மலையாளிப் பழங்குடியினரும் சமவெளியிலிருந்து வருகிறவர்களும். மூங்கில் ஏணி, இடுப்பில் கட்டிய சாக்கு, பனியில் நனைந்த மரம். காப்பிப் பழத்தின் தோலுரிக்கும் பல்பர் யந்திரம் விரல்களை எடுக்கும். மரம் முதுகெலும்பை எடுக்கும். மேட்டூர் அலுமினிய ஆலைக்காக மலையின் தலையில் பாக்சைட் வெட்டிய காலமும் அடிவாரத்தில் மாக்னசைட் வெட்டிய காலமும் தத்தம் காயங்களை விட்டுச் சென்றிருக்கின்றன. ஆனால் சுரங்கத்தில் ஒரு பதிவேடாவது இருந்தது. தோட்டத்தில், அதுவும் சின்னத் தோட்டத்தில், மிளகு பறிப்பைக் குத்தகைக்கு விட்டுவிடுகிறார்கள். விழுந்தவன் யாருடைய ஆள் என்று கேட்டால் ரைட்டர் மேஸ்திரியைக் காட்டுவார், மேஸ்திரி குத்தகைக்காரனைக் காட்டுவான், குத்தகைக்காரன் விழுந்தவனையே காட்டுவான். சட்டம் இந்த விளையாட்டை 1923-இலேயே எதிர்பார்த்து, ஒப்பந்தக்காரனின் ஆளுக்கும் மூல முதலாளியே பொறுப்பு என்று ஒரு பிரிவை வைத்திருந்தது. எதிர்பார்த்து என்ன, விழுந்தவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டுமே.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாற்பது வயது, பெருவிரல் போய்விட்டது. அந்தச் சட்டத்தின் கீழ் 2020 ஜனவரியில் அறிவித்தபடி கணக்கில் கொள்ளக்கூடிய உச்ச மாதச் சம்பளம் 15,000 ரூபாய். அதில் அறுபது சதவீதம் 9,000. நாற்பது வயதுக்கு உரிய பெருக்கெண் 184.17. பெருக்கினால் 16,57,530. அதில் முப்பது சதவீதம் 4,97,259 ரூபாய். ஆனால் செக்ரோலில் பேர் ஏறியது மாதத்தில் பாதி நாள்தான் என்றால், சம்பளத்தோடு சேர்ந்து பெருவிரலும் பாதியாகிவிடும். ஆகவே பிரதிநிதியின் முதல் வேலை வீரமான வேலையல்ல. கூலிச் சீட்டைத் தேடுவது, உடன் ஏறியவர்களின் வாக்கை எழுதி வாங்குவது, வயதுக்கு ஒரு அத்தாட்சி பிடிப்பது. அப்புறம் ஆஸ்பத்திரி.

ஆஸ்பத்திரியில்தான் இந்த விஷயத்தின் மையம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அடிபட்டவனைக் கொண்டுவந்து கிடத்தியதும் விபத்துப் பதிவேட்டில் ஒரு வாக்கியம் எழுதப்படுகிறது. 'தோட்டத்தில் மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து' என்று எழுதலாம். 'வீட்டருகே வழுக்கி விழுந்து' என்றும் எழுதலாம். விழுந்தவன் வலியில் இருக்கிறான். பக்கத்தில் நிற்பவன் சொல்வதை டாக்டர் எழுதுகிறார். அநேகமாகப் பக்கத்தில் நிற்பவன் தோட்டத்து ஆள், ஏனென்றால் ஜீப் தோட்டத்துடையது. பிற்பாடு எத்தனை வக்கீல் வந்தாலும் இந்த ஒரு வரியைத் தாண்டுவது கஷ்டம். நவீன இலக்கியம் பேசுகிற நாம் மொழிக்கும் யதார்த்தத்துக்கும் உள்ள உறவு பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறோம். ஒரு வாக்கியம் யதார்த்தத்தைப் பிரதிபலிக்கிறதா, உருவாக்குகிறதா என்ற சர்ச்சைக்கு இதைவிட ஸ்தூலமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நம் புதுக்கவிதைகளில் தொழிலாளியின் கை எப்போதும் உயர்ந்த முஷ்டியாகவே வருகிறது. பெருவிரல் இல்லாத கையை முஷ்டியாக மடக்க முடியாது என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பிறகு அந்த மனிதன் யூனியன் ஆபீசுக்கு வருகிறான். அவன் என்ன கேட்கிறான்? பணத்தை அல்ல, முதலில். "துரை ஒரு தடவகூட வந்து பாக்கலியே சார்" என்பான். "ஏணி மக்கிப்போச்சுன்னு நான் முன்னாடியே சொன்னேன், எல்லாரையும் கேளுங்க" என்பான். அவன் கேட்பது நியாயம். கண்ணகி கேட்டதைப் போல, தப்பு செய்தவன் தப்பென்று ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது. பிரதிநிதி அவனிடம் சொல்ல வேண்டியிருக்கிறது: "அண்ணே, ஏணி மக்கினதா இல்லையாங்கிறது கேஸுக்கு வேண்டாம். துரை வந்தாரா இல்லையாங்கிறதும் வேண்டாம். அன்னிக்கு நீங்க வேலைல இருந்தீங்க, அதுதான் வேணும்." இப்படிச் சொல்லும்போது அவன் அந்த மனிதனுக்கு உதவுகிறான். அதே மூச்சில் அவனுடைய வழக்கின் உயிரான பாகத்தை வெட்டியும் எறிகிறான். இது தவிர்க்க முடியாதது. இதைத் தவிர்க்க முடியாது என்பதை உணர்ந்து செய்கிறானா, உணராமல் செய்கிறானா என்பதில்தான் ஒரு பிரதிநிதிக்கும் ஒரு புரோக்கருக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது.

ஈடு என்ற சொல்லே சங்கடமானது. சமம் என்றும் பொருள், அடகுப் பொருள் என்றும் பொருள். சட்டம் முதல் பொருளில் பேசுவதுபோல் பாவனை செய்கிறது. வாங்குகிறவனுக்கு இரண்டாவது பொருள்தான் படுகிறது: மீட்க முடியாத அடகு.

காயம்பட்டவனுக்காகக் கமிஷனர் முன் ஆஜராகும் உரிமையை 1923 சட்டத்தின் இருபத்துநான்காவது பிரிவு வக்கீலுக்கு மட்டும் தரவில்லை. பதிவுபெற்ற தொழிற்சங்கத்தின் நிர்வாகிக்கும் தந்திருந்தது. சின்னப் பிரிவு, ஆனால் அசாதாரணமானது. படிப்பை வைத்தல்ல, உடனிருப்பை வைத்து ஒருவனைப் பேச அனுமதித்தது. சேலத்தில் தொழிலாளர் துறை அதிகாரியின் அறையில், கறுப்பு அங்கி இல்லாமல், ஒரு முன்னாள் காப்பித் தோட்டத் தொழிலாளி இன்னொருவனுக்காக நிற்க முடியும். ஏன் இன்னொருவன் பேச வேண்டும் என்று கேட்கலாம். சிமோன் வெய்ல் 1934 டிசம்பரிலிருந்து 1935 ஆகஸ்டு வரை பாரிஸ் தொழிற்சாலைகளில் கூலியாக வேலை செய்துவிட்டு வந்து சொன்ன விஷயம் புரட்சிக்காரர்களுக்கு உவப்பாக இல்லை: ஒடுக்குமுறை கலகத்தைப் பிறப்பிக்கும் என்று எதிர்பார்த்துப் போனவள் தன்னிடமே கண்டது பணிவு. மேஜையின் மறுபக்கத்திலிருந்து காஃப்காவும் இதையே பார்த்திருக்கிறான். 1908 முதல் 1922 வரை பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனத்தில் உத்தியோகம் அவனுக்கு. மரம் இழைக்கும் யந்திரத்தின் சதுரத் தண்டு விரல்களை எப்படித் தின்கிறது, உருளைத் தண்டு எப்படி அவற்றை விட்டுவைக்கிறது என்று, விரல் போன கைகளின் படங்களோடு அறிக்கை எழுதியவன். அங்கஹீனப்பட்டவர்கள் நிறுவனத்தை உடைத்து நொறுக்காமல் கெஞ்சிக்கொண்டு வருகிறார்களே என்று அவன் வியந்ததை நண்பன் மாக்ஸ் ப்ராட் பதிவு செய்திருக்கிறான். 'விசாரணை'யைப் படித்துவிட்டு அதை இறையியலாகவும் இருத்தலியலாகவும் விளக்கும் நம் விமர்சகர்கள், எழுதியவன் பகல் முழுதும் படித்துக்கொண்டிருந்த காகிதங்கள் எவை என்பதையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

உரிமையை மனுவாக மாற்றிவிடுகிற இந்தப் பணிவைத்தான் பிரதிநிதி எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது, துரையை அல்ல. 'ஐயா பார்த்து ஏதாவது செய்யணும்' என்ற வாக்கியத்தை 'இன்ன தொகை எனக்கு வரவேண்டும்' என்று மாற்றுவது மொழிபெயர்ப்பு மாதிரித் தெரியும். உண்மையில் ஒரு மனிதனின் நிற்கும் விதத்தையே மாற்றுகிற காரியம். இதை அவனுக்காகப் பிரதிநிதி செய்துவிட்டால் மாறவே மாறாது. துரையிடம் கெஞ்சிக்கொண்டிருந்தவன் அப்புறம் காரியதரிசியிடம் கெஞ்சுவான், அவ்வளவுதான். கெட்டிக்காரக் காரியதரிசிகள் பலருக்கு இந்த மாறுதல் போதுமானதாக இருந்திருக்கிறது.

சமரசம் என்ற கட்டம் வராத வழக்கு கிடையாது. தோட்ட ஆபீசில் ஒரு ஸ்டாம்புப் பேப்பர், நாற்பதாயிரமோ ஐம்பதாயிரமோ ரொக்கம், 'இனி எந்தப் பாத்தியதையும் இல்லை' என்று ஒரு வரி, கீழே பெருவிரல் ரேகை. (ஆண்கள் வைப்பது இடக்கைப் பெருவிரலாதலால் வலக்கைப் பெருவிரல் போனதில் அலுவலகத்துக்கு அசௌகரியம் எதுவும் இல்லை.) இப்படி உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று அந்தச் சட்டத்தின் பதினேழாவது பிரிவு சொன்னது. தொழிலாளி மனமொப்பி எழுதினாலும் செல்லாது. சுதந்திரச் சித்தம் என்பதைப் பற்றி எழுதுகிற தத்துவவாதிகளுக்கு இது பிடிக்காது. பெரியவன் ஒருவன் தன் உரிமையை விற்க முடியாதென்று சட்டம் எப்படிச் சொல்லலாம்? ஆனால் பசித்தவனின் சம்மதத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்று முடிவு செய்யும் துணிச்சல் நம் தத்துவத்தில் இல்லாமல் ஒரு காலனியச் சட்டத்தில் இருந்தது. சமரசமே கூடாதென்பதில்லை, கமிஷனரிடம் பதிவு செய்ய வேண்டும், தொகை குறைவென்று தோன்றினால் அவர் பதிய மறுக்கலாம்.

சிக்கல் இதற்குப் பின்னால் இருக்கிறது. ஐம்பதாயிரத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று விழுந்தவனே சொல்கிறான். அவன் மனைவியும் அதே தோட்டத்தில் பழம் பறிக்கிறாள். சிலருக்கு வீடே தோட்டத்து லயன். வேலை போனால் கூரையும் போகும். கேஸ் போடச் சொல்கிற பிரதிநிதியின் கூரை பத்திரமாக இருக்கிறது. பிறருடைய துணிச்சலைச் செலவழிப்பது சுலபம். இந்த இடத்தில் 'வர்க்க உணர்வு இல்லை' என்று அந்த மனிதனைத் திட்டுகிற பிரசங்கிகளைக் கேட்டிருக்கிறோம். இதற்கு நேர்மாறான வஞ்சகமும் உண்டு: அடுத்த மாதம் கூலி உயர்வுப் பேச்சுவார்த்தை, இந்த ஒரு கேஸை விட்டுக்கொடுத்தால் இருநூறு பேருக்குக் கொஞ்சம் கூடக் கிடைக்கும் என்று நிர்வாகம் காதில் போடுகிறது. இருநூறு பேரின் நன்மைக்கு ஒருவனின் முதுகெலும்பை விற்கலாமா? பயன்வாதக் கணக்கில் விற்கலாம். சங்கம் என்பது அந்தக் கணக்கின் மேல் கட்டப்பட்டதல்ல என்பது என் எண்ணம். தனியாளாக விழுந்தால் தனியாளாக விடப்படமாட்டோம் என்ற ஒரே நம்பிக்கையில்தான் இருநூறு பேர் சந்தா கட்டுகிறார்கள்; அந்த ஒருவனை விற்ற மறுநாள் கூலி கூடியிருக்கும், சங்கம் இருக்காது. அதே சமயம், அவன் பயந்து பின்வாங்கினால் அவனைத் தியாகியாக்கும் அதிகாரமும் சங்கத்துக்குக் கிடையாது. என்ன வரும், எத்தனை நாளாகும், என்ன போகலாம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, அவன் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். அந்தச் சட்டம் இரண்டு வருட அவகாசம் தந்திருந்தது. பயம் தெளிய அது சில சமயம் போதும், சில சமயம் போதாது.

இன்னொரு விஷயம், இதைச் சங்கக் கூட்டங்களில் பேசமாட்டார்கள். விழுந்தவன் குடித்திருந்தான். பிரதிநிதிக்கு அது தெரியும். சாவோ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டால் குடியைக் காட்டி முதலாளி தப்ப முடியாது. பகுதி ஊனமென்றால், விபத்துக்கு நேர்க்காரணம் குடிதான் என்று காட்டித் தப்பலாம். பிரதிநிதி பொய்சாட்சி தயாரிக்கலாமா? ஏழைக்காகச் சொல்லும் பொய் பொய்யல்ல என்று நம்மில் அநேகர் வாதிடுவோம். வள்ளுவரைத் துணைக்கு அழைப்போம். எனக்கு இது சரியாகப் படவில்லை. மலையில் யார் குடித்திருந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை கலைந்த பொய் அடுத்த பத்து உண்மைகளைக் கொண்டுபோய்விடும். குடிக்காமல் விழுந்த பெண்ணின் சாட்சியையும் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் பொய் சொல்லாமலிருப்பதற்கும் எதிராளியின் வாதத்தை அவனுக்குப் பதிலாகச் சொல்லித் தருவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. குடித்தவன் ஏறினாலும் முறிந்தது மக்கிய ஏணியா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. வேண்டாம் என்று தள்ளிவைத்த ஏணி இங்கே திரும்பி வந்து நிற்கிறது.

பணம் வந்ததும் சங்கத்துக்குப் பத்து சதவீதம் என்று ஒரு வழக்கம் சில இடங்களில் உண்டு. நஷ்டஈட்டுத் தொகையை யாரும் ஜப்தி செய்யவோ, எழுதி வாங்கவோ முடியாது என்று சட்டம் சொல்லியிருக்க, இதை நன்கொடை என்பார்கள். பஸ் செலவு ஆகிறது, நோட்டீஸ் செலவு ஆகிறது, உண்மைதான். இருந்தாலும் பெருவிரலுக்கு முப்பது போட்ட அட்டவணையில் சங்கமும் ஒரு வரியைச் சேர்த்துக்கொள்கிறது என்பதுதான் இதன் அர்த்தம். சந்தாவிலிருந்து செலவழிக்க முடியாத சங்கம் இந்த வேலையை எடுக்காமலிருப்பது மேல்.

அட்டவணையே முடிவல்ல என்பதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது. ஒரிசாவில் ஒரு தச்சன், சினிமாக் கொட்டகையில் அலங்கார வேலை செய்யும்போது விழுந்து, இடக்கையை முழங்கைக்கு மேலே வெட்ட வேண்டி வந்தது. பகுதி ஊனம்தானே என்பது முதலாளியின் வாதம். ஒரு கையால் தச்சுவேலை செய்ய முடியாது, ஆகவே அவனுக்கு இது முழு ஊனம் என்ற கமிஷனரின் முடிவை 1975-இல் உச்சநீதிமன்றம் ஒப்புக்கொண்டது. விபத்து நடந்த அன்றே தொகை கடனாகிவிடுகிறது, தீர்ப்பு வந்த அன்றல்ல என்றும் சொன்னது. கை எவ்வளவு போயிற்று என்பதல்ல, அந்தக் கை என்ன செய்துகொண்டிருந்தது என்பதே கேள்வி என்று ஆயிற்று. இப்படிக் கேட்க வைக்க, தச்சுவேலை என்றால் என்ன என்று நீதிபதிக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். மிளகு பறிப்பது என்றால் என்ன? இடக்கை மரத்தை அணைத்திருக்கும், வலக்கை கொத்தைக் கிள்ளும், இரண்டு பாதமும் மூங்கில் கணுவில். இதில் எது போனால் எது மிஞ்சும்? முதுகெலும்புக்கு அட்டவணையில் விரலைப்போல் ஒரு வரி கிடையாது. டாக்டர் சொல்லும் சதவீதம்தான். அந்த டாக்டருக்கு ஏணியைத் தெரிந்திருக்காது. வக்கீலுக்கும் தெரிந்திருக்காது. இருபத்துநான்காவது பிரிவின் உள்ளர்த்தம் எனக்கு இங்கேதான் விளங்குகிறது.

அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு அதன் இடத்தில் அமலாகியிருக்கிறது. எலும்புக்கூடு பெரும்பாலும் பழையதுதான். தோட்டத்தில் முதலாளி தந்த வீடு இடிந்து விழுந்து ஆள் செத்தாலோ காயம்பட்டாலோ ஈடு கொடுக்க வேண்டும் என்பது பழைய தோட்டத் தொழிலாளர் சட்டத்திலிருந்து இதற்குள் வந்திருக்கிறது. வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் போகும் வழியில் நேரும் விபத்தும், வேலையோடு அதற்குத் தொடர்பு காட்டினால், வேலையில் நேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்று எழுதியிருக்கிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுள்ள மலையில் விடியற்காலை பிக்கப் வண்டியின் பின்னால் நின்றுகொண்டு போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. ஆனால் தொடர்பு காட்ட வேண்டும். வண்டி யாருடையது, எந்த வளைவில், எத்தனை மணிக்கு, அன்று யார் தோட்டத்துக்கு. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அந்த முதல் வாக்கியம் எழுதப்படும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க, மறுபடியும் ஒரு ஆள் வேண்டும்.